கச்சான் காலத்தில் கோள்களோடு நான்கு நாள்

2023 யூன் 21, புதன் – கல்லடி

தொலைகாட்டிக்கும் அரை டிக்கெட் எடுக்க வேண்டுமென்று நடத்துநர் சொன்னபோது, உயிரில்லாத பொருளுக்கு எதற்கு ஆசனம் என்று நான் வாதாடிப் பார்த்தேன். கீழே பொதிகள் வைக்கும் அறையில் அதைப் போட மனம் வரவில்லை என்பதால் இறுதியில் பணத்தைக் கொடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்து இரவு முழுவதும் அதைப் பக்கத்தில் சாய்த்தபடியே வந்து, விடியற்காலையில் கல்லடியில் இறங்கினேன். மட்டக்களப்பில் விஞ்ஞானம் கற்பிக்கும் என் பழைய மாணவர் ஒருவர், பாறைக் கோள்களின் வானிலையைப் பற்றிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பேசவும், மாலையில் வானத்தைக் காட்டவும் அழைத்திருந்தார். புதன்கிழமை வந்திறங்கியும் புதனைக் காட்டும் பேறு எனக்கில்லை. அது இப்போது சூரியனின் அப்பாற்பக்கத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. யூலை முதலாந் திகதியளவில் சூரியனுக்கு நேர்பின்னால், அதன் ஒளிக்குள் முற்றாக மறைந்து நிற்கும்.

மாணவரின் வீட்டில் காலையுணவு அரிசிமாப் பிட்டும் மணலை மீன் சொதியும். பத்து மணிவரை கடற்காற்று இதமாக இருந்தது. பதினொரு மணிக்குமேல் யாரோ அடுப்பின் கதவைத் திறந்துவிட்டதுபோல் மேற்கிலிருந்து வேறொரு காற்று வந்து கடற்காற்றைத் திருப்பி அனுப்பியது. கச்சான் என்று வீட்டார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தானான எனக்குக் கச்சான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கொறிக்கும் கடலைதான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது தன் ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. பின் கிழக்குச் சரிவில் வெறுங்கையோடு இறங்கும்போது அமுக்கம் கூடக்கூட, கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வீதம் அது சூடேறுகிறது. புவியியற் புத்தகத்தில் போன் காற்று என்ற தலைப்பின்கீழ் படித்ததை என் முதுகு அன்றுதான் படித்தது. சுவரிலிருந்த வெப்பமானி பகல் ஒரு மணிக்கு 36 பாகையைக் காட்டியது.

அந்த வெக்கையில், கூரைத்தகடு போட்ட மண்டபமொன்றில் என் பேச்சு. புதனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அங்கே பகலில் 430 பாகைவரை ஏறும் வெப்பம் இரவில் பூச்சியத்துக்குக் கீழே 180 பாகைவரை இறங்கும். சூரியன் ஒருமுறை உதித்து மறுபடி உதிக்க நமது கணக்கில் 176 நாட்கள் செல்லும், ஆனால் அக்கோள் சூரியனைச் சுற்றிவர 88 நாட்களே போதும். ஆகவே அங்கே ஒரு நாளுக்குள் இரண்டு ஆண்டுகள் அடங்கிவிடும். காற்றென்று சொல்லத்தக்க எதுவும் அங்கில்லை, சோடியம் முதலிய சில அணுக்கள் மிக ஐதாகப் பரவியிருக்கின்றன, அவ்வளவுதான். முன்வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்து, “சேர், அங்க நிழல்ல நிண்டாலும் வெக்கை அடிக்குமா?” என்று கேட்டாள்.

நான் தயாரித்து வந்த எல்லாவற்றையும்விட அந்தக் கேள்வி நல்லது. இங்கே மரநிழலில் நின்றாலும் நாம் வேர்ப்பது, வெயிலின் சூட்டைக் காற்று சுமந்துகொண்டு நிழலுக்குள்ளும் வருவதால். புதனில் சுமந்துவரக் காற்றில்லை. சூடான நிலமோ பாறையோ எதிரே நின்று கதிர்வீசாவிட்டால் அங்கே நிழல் கடுங்குளிர். அதன் அச்சுச் சாய்வு இல்லையென்றே சொல்லத்தக்க அளவு சிறிதாதலால், துருவங்களை அண்டிய பள்ளங்கள் சிலவற்றின் அடியில் வெயில் ஒருநாளும் பட்டதில்லை. சூரியனுக்கு மிக அருகிலிருக்கும் கோளில், அந்தப் பள்ளங்களுக்குள் நீர்ப்பனி கிடக்கிறது என்பதற்கு, 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசெஞ்சர் விண்கலம் வலுவான சான்று தந்தது. “அப்ப அங்க கச்சான் அடிக்காது” என்று பின்வரிசையில் ஒரு குரல். மண்டபம் சிரித்தது. அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கும் தெரியாது.

நாற்பதாவது நிமிடத்தில் படமெறி கருவி சூடேறித் தானாகவே அணைந்துபோனது. 1982இல் வெள்ளியின் தரையில் இறங்கிய சோவியத்தின் வெனேரா 13, சுற்றிலும் 450 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்ததை அந்தக் கருவிக்கு நினைவூட்டிவிட்டு, மிச்சத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதிச் சொன்னேன்.

2023 யூன் 22, வியாழன் – படுவான்கரை

மட்டக்களப்பார் தங்கள் நிலத்தைச் சூரியனைக் கொண்டு பெயரிட்டிருக்கிறார்கள். வாவிக்குக் கிழக்கே, கடலோடு ஒட்டிக்கிடப்பது எழுவான்கரை. மேற்கே, வயல்களும் குளங்களுமாக விரிவது படுவான்கரை. பிற்பகல் நான்கு மணிக்கு மாணவரின் மோட்டார் சைக்கிளில், தொலைகாட்டிக் குழாயை எனக்கும் அவருக்கும் நடுவே குறுக்காக அணைத்தபடி, காத்தான்குடித் தெருவின் நடுவே காய்த்துத் தொங்கும் ஈச்சமரங்களைக் கடந்து சென்றோம். பாலைவனத்து மரம் இங்கே காய்ப்பதைப் பார்த்தால், கச்சானுக்கு ஊரார் கொடுக்கும் மரியாதை மிகையல்ல என்று தோன்றியது. ஆரையம்பதியில் திரும்பி மண்முனைப் பாலத்தால் வாவியைத் தாண்டினோம். இந்தப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை இந்த இடத்தில் பாதையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டியிருந்தது. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவை.

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு வீட்டு முற்றத்தில் தொலைகாட்டியை நிறுத்தினோம். வீட்டுக்காரி எழுபத்தைந்து வயது அம்மா. அவருடைய பேரன் தரம் 11இல் படிக்கிறான். நாங்கள் யாரென்று கேட்பதற்கு முன்னரே எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வந்துவிட்டன. சந்தியில் ஒரு சட்டி தயிர் 450 ரூபாவுக்கு விற்கிறார்களே, காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னதற்கு, “தயிருக்குக் காசு கடையில குடுங்க மகன்” என்றார். எனக்கு வயது 63. மகன் என்று என்னை யாரும் அழைத்துப் பல வருடங்களாகிவிட்டன.

சூரியன் விழுந்து இருபது நிமிடங்களில் மேற்கு வானத்தில் மூன்றும் தெரிந்தன. நாலாம் நாட் பிறை, அதற்குக் கீழே கண்கூசும் வெள்ளி, இடையில் மங்கலான சிவப்பில் செவ்வாய். பாறைக் கோள்கள் நான்கில் இரண்டு மேலே, ஒன்று காலடியில், மற்றது சூரியனுக்குப் பின்னால். தொலைகாட்டியில் வெள்ளியும் பிறையாகவே தெரிந்ததைக் கண்டு பேரன் இரண்டு தரம் கண்ணை எடுத்து மேலே பார்த்தான், நான் சந்திரனைக் காட்டி ஏமாற்றுகிறேனோ என்று. செவ்வாய் வெறும் புள்ளி. அது இப்போது மிகத் தூரத்தில் இருக்கிறது, என் குழாய்க்கு அதற்குமேல் வலுவில்லை.

வெள்ளி மற்றப் பக்கமாகச் சுழல்கிறது, ஆகவே அங்கே சூரியன் மேற்கில் எழுந்து கிழக்கில் படும் என்று நான் சொன்னபோது, அதுவரை கதிரையில் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்தார்.

“அது மறுபக்கம் கிறுகுதா?”

“ஓம் அம்மா. அதுவும் மிக மெதுவாக. ஒருமுறை கிறுகி முடிய 243 நாள்.”

“அப்ப அங்க எண்டா நாங்கதான் எழுவான்கரை.”

இப்படியொரு கணக்கை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்த எதிர்ச்சுழற்சியையும் சூரியனைச் சுற்றும் ஓட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், வெள்ளியில் ஒரு சூரியோதயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 117 நாட்கள் என்று பேரனுக்குச் சொன்னேன். அவன் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டான். ஆனால் அவ்வளவு நீண்ட இரவிலும் அங்கே குளிராது. தரையின் வெப்பம் பகலிலும் இரவிலும், நடுக்கோட்டிலும் துருவத்திலும், ஏறத்தாழ ஒரே 465 பாகைதான். வளிமண்டலத்தில் 96 வீதத்துக்கும் மேல் காபனீரொட்சைட்டு. தரையில் அமுக்கம் நம்முடையதைப்போல் 90 மடங்குக்கு மேல், கடலில் 900 மீற்றர் ஆழத்தில் இருப்பதற்கு ஒப்பு. இத்தனைக்கும், வெள்ளியின் முகில்கள் தம்மேல் விழும் வெயிலின் முக்காற் பங்கைத் திருப்பி எறிந்துவிடுவதால், அது உள்ளே ஏற்கும் வெயில் பூமி ஏற்பதைவிடக் குறைவு. சூரியனுக்குக் கிட்ட இருப்பதால்தான் சூடு என்று பிள்ளைகள் எழுதும் விடைக்கு நான் முப்பது வருடங்களாகப் பிழை போட்டு வந்திருக்கிறேன். உள்ளே வந்த கொஞ்ச வெயிலும் வெளியேற வழியில்லாமல் அந்தக் கனத்த வளியில் அகப்பட்டுக்கொள்வதே காரணம். நமது பச்சைவீட்டு விளைவு பூமியின் சராசரியை மைனஸ் 18 பாகையிலிருந்து 15 பாகைக்கு உயர்த்தி நம்மை வாழவைக்கிறது. அங்கே அதே விளைவு ஈயத்தையும் உருக்கும்.

அம்மாவுக்கு ஈயத்தில் அக்கறையில்லை. அவர் கேட்டது சூறாவளியைப் பற்றி. 1978 நவம்பர் 23 இரவு, கூரை பறந்தபின் நெற்பெட்டிக்குப் பின்னால் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு விடியும்வரை இருந்ததை அவர் சொன்ன தொனியில், அது போன மாதம் நடந்ததுபோல் இருந்தது. அத்தகைய சூறாவளி வெப்பமான கடலின் நீராவியைத் தின்று வளர்வது, கடலில்லாத கோளில் அது பிறக்காது என்று சொன்னேன். வெள்ளியின் உயர்முகில்கள் மணிக்கு 360 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி நாலு நாளில் கோளைச் சுற்றிவிடுகின்றன, ஆனால் தரையில் காற்று நடக்கும் வேகம்தான். அந்த மெல்லிய காற்றும், வளியின் அடர்த்தி நம்முடையதைப்போல் 50 மடங்குக்கு மேல் இருப்பதால், வாவி முகத்துவாரம் வெட்டிய நாளில் நீர் இழுப்பதைப்போல் காலைத் தள்ளும் என்று உவமை சொன்னேன். உவமை சற்று மிகை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கணக்குப் பார்த்தால், மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கும் நமது காற்றின் தள்ளல்தான் அது. இன்றைய கச்சான் அதற்குக் குறைந்ததல்ல.

2023 யூன் 23, வெள்ளி – அக்கரைப்பற்று, திருக்கோவில்

இன்று அம்பாறை மாவட்டத்துக்கு. பெற்றோல் ஒதுக்கீட்டில் மிச்சமிருந்ததை நம்பிப் புறப்பட்டது என் மாணவரின் துணிச்சல். கல்முனையில் இளநீர் 150 ரூபா. அக்கரைப்பற்றை அடைந்தபோது பன்னிரண்டரை மணி, ஜும்ஆ நேரம், கடைகளெல்லாம் பூட்டியிருந்தன. வெள்ளிக்கிழமை என்பதைக் கோளாக மட்டுமே நினைத்துக்கொண்டு வந்த எனக்குப் பசி அதன் மற்றப் பொருளைக் கற்றுத்தந்தது. மூடிய உணவகமொன்றின் ஓரநிழலில், தொலைகாட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றோம். தொழுகை முடிந்து வந்த உரிமையாளர் நானா எங்களைக் கண்டதும், எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று தானே மன்னிப்புக் கேட்பவர்போல் விசாரித்து, கதவைத் திறந்ததும் முதலில் தண்ணீரைத்தான் தந்தார். புரியாணி 900 ரூபா. இரண்டாந்தரம் போட்ட சோற்றுக்குக் கணக்கில்லை.

சாகாமம் பக்கமாகப் போகும் வழியில், மாரி மழையை மட்டும் நம்பும் வயல்கள் வெடித்துக் கிடந்தன. அங்கேதான் அதைக் கண்டோம். காய்ந்த வயலின் நடுவில் புழுதி திரண்டு, ஒரு தென்னை உயரத்துக்குச் சுழன்றெழுந்து, வரம்புகளைத் தாண்டி எங்களை நோக்கி வந்தது. குழாயின் மூடியைச் சரியாகப் பொருத்தியிருந்தேன் என்பது என் நம்பிக்கை. அது எங்கள்மேல் ஏறிப் போனபின் கண், காது, பல் எல்லாவற்றிலும் மண். மூடியைக் காணோம். பத்து நிமிடம் தேடி, ஒரு முட்பற்றையிலிருந்து அதை எடுத்தோம்.

நான் கோபப்பட்டிருக்க வேண்டும், ஆனால் உள்ளூர மகிழ்ந்தேன். செவ்வாயைப் பற்றிப் பேசப் போகிறவனுக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடைக்காது. வெயிலில் நிலம் சூடேறி, அதை ஒட்டிய வளி மேலெழ, பக்கத்துக் காற்று சுழன்று புகும் அதே பொறிமுறையால் செவ்வாயிலும் இத்தகைய சுழல்கள் எழுகின்றன. 2021 செப்டெம்பர் 27 அன்று ஒரு சுழல் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் மேலேயே ஏறிச் சென்றது. அதிலிருந்த ஒலிவாங்கி, காற்றின் இரைச்சலையும் புழுதித் துகள்கள் மோதும் ஒலியையும் பதிவுசெய்தது. நான் பல்லில் நறநறத்த மண்ணைத் துப்பிக்கொண்டே அதை என் மாணவருக்குச் சொன்னேன். “சேர், அதுக்குப் பல்லில்லை” என்றார் அவர்.

திருக்கோவிலில் கடற்கரைக்கு அருகே பிள்ளைகள் ஐம்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஐந்து மணிக்கு மேற்கில் முகில் கட்டத் தொடங்கியது. தொலைவில் மழைக்கால்கள் சாம்பல் நிறத்தில் இறங்கித் தொங்கின, ஆனால் அவை நிலத்தைத் தொடவில்லை. வறண்ட வளிக்குள் விழும் துளி பாதிவழியிலேயே ஆவியாகிவிடுகிறது. வெள்ளியில் எப்போதும் இதுதான் நிலை என்று வானத்தையே கரும்பலகையாக்கிச் சொன்னேன். அங்கே 48 கிலோமீற்றருக்கு மேலிருக்கும் முகில்கள் சல்பூரிக்கமிலத்தாலானவை. அமிலத்துளி விழும், தரைக்கு வெகு உயரத்திலேயே வெப்பத்தில் அழிந்துபோகும். வெள்ளியின் தரை நனைவதில்லை.

அன்று வானம் திறக்கவேயில்லை. ஆகவே, கோளைக் காட்டாமலே கோளைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. செவ்வாயில் வளியமுக்கம் நம்முடையதில் நூற்றிலொரு பங்குக்கும் குறைவு. மத்தியகோட்டுக் கோடையில் நண்பகலில் காலடி நிலத்தை ஒட்டி 20 பாகை இருக்கும்போது தலை உயரத்தில் உறைநிலை வந்துவிடும். இரவில் மைனஸ் 70க்கும் கீழே இறங்கும். வெப்பத்தைப் பிடித்துவைக்க வளி போதாது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்றும் அங்கே முகத்தில் படும்போது நமது 13 கிலோமீற்றர் தென்றல்போலவே இருக்கும். சூறாவளியைக் கண்ட ஊரின் பிள்ளைகள் இதைக் கேட்டு ஏமாற்றமடைந்ததை நான் கவனித்தேன். ஆனால் அந்த மெல்லிய காற்றுக்குப் புழுதியை மாதக்கணக்கில் தூக்கிவைத்திருக்கத் தெரியும். 1971 நவம்பரில் மரைனர் 9 விண்கலம் அங்கே போய்ச் சேர்ந்தபோது கோள் முழுவதும் புழுதியால் மூடுண்டு, பெரும் எரிமலைகளின் உச்சிகள் மட்டும் தெரிந்தன. 2018இல் அப்படியொரு புயல் சூரியனை மறைத்ததில், 90 நாள் வேலைக்கென அனுப்பப்பட்டுப் பதினான்கு வருடங்கள் ஓடிய ஒப்பச்சூனிற்றி ஊர்தி மின்னின்றி ஓய்ந்தது. அது கடைசியாகப் பேசியது அந்த ஆண்டு யூன் 10ஆந் திகதி.

விவசாயி ஒருவர் பின்னாலிருந்து, “அங்க மாரி, கோடை உண்டா?” என்று கேட்டார். உண்டு. செவ்வாயின் அச்சு 25 பாகை சாய்ந்திருப்பதால் நமக்குப்போலவே பருவங்கள் வரும், ஆண்டு 687 நாள் என்பதால் அவை ஏறத்தாழ இருமடங்கு நீளும். துருவத்தில் மாரி வரும்போது அங்கே உறைவது வளியே. காபனீரொட்சைட்டு பனியாகப் படிய, கோள் முழுவதிலும் வளியமுக்கம் காற்பங்கு அளவுக்கு இறங்கி, கோடையில் அது ஆவியாக மறுபடி ஏறும். கோடையில் வற்றி மாரியில் நிறையும் சாகாமக் குளத்தைப்போல அங்கே ஆகாயமே வற்றி நிறைகிறது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, “நல்ல காலம், எங்களுக்குக் குளம் மட்டும்தான் வத்துது” என்றார்.

ஒரு சிறுவன் சுருளில் 100 ரூபாவுக்குக் கச்சான் விற்றுக்கொண்டு வந்தான். காற்றும் அப்போது அடித்தது. இரண்டையும் சேர்த்துக் கொறித்தோம்.

2023 யூன் 24, சனி – திரும்பும் வழி

இந்த முறை நடத்துநர் தொலைகாட்டிக்குக் காசு கேட்கவில்லை. ஆனால் உள்ளே மீனா என்று கேட்டார், மீனென்றால் கூரையில்தான் ஏற்றுவார்களாம். திறந்து காட்டியபோது நேற்றைய மண்ணும் இரண்டு கச்சான் கோதும் அவருடைய சப்பாத்தில் கொட்டின.

வாழைச்சேனையைத் தாண்டும்போது படுவான்கரைப் பேரன் தொலைபேசியில் அழைத்தான். வெள்ளியின் 117 நாளைக் கொண்டு அம்மம்மாவின் வயதை அவன் கணக்குப் பார்த்திருக்கிறான். அங்கே பிறந்திருந்தால் அவருக்கு இன்றைக்கு 234 நாள்தான், சரியா என்று கேட்டான். மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன், சரிதான். அம்மம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். தொலைபேசி கைமாறியது.

“அப்ப மகன், எனக்கு இனித்தான் பல்லு முளைக்கப்போகுது.”